அக்கா மருந்துக்கு ஐம்பது லிட்டர்

வண்டியில வைக்கிற ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர்ல வாங்கலாம்னு எங்கிட்ட யோசனை கேக்குற ஆளுக இன்னும் இருக்காக. கேக்கட்டும், தப்பில்ல. சின்னமனூர்ல அந்தப் பெட்டிய மொத மொத வாங்குனவன் நான்தான்னு எனக்கு ஒரு பேரு. வாங்கி என்னத்தக் கிழிச்சேன்னு மட்டும் ஒருத்தரும் கேக்குறதில்ல. அதனால நானே சொல்லிடுறேன்.

பெட்டி எங்க அக்காவுக்காக வாங்குனது. இத மொதல்லயே சொல்லி வச்சுடணும். ஏன்னா, போகப் போக எனக்கே அது மறந்துபோச்சு.

அக்கா எனக்கு எட்டு வயசு மூத்தவ. அடுத்த தெருவுல தனியா இருந்தா. அத்தான் தவறிப் போயி ஆறேழு வருசம். மகளத் திருப்பூர்ல கட்டிக் குடுத்தாச்சு. சர்க்கரைக்கு மாத்திரை கேக்காமப் போயி, இன்சுலின்ல கொண்டாந்து விட்டுட்டாக. காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னால தானே வயித்துல குத்திக்கிருவா. ஊசிக்கு அவ பயப்படல. மருந்த ஃப்ரிட்ஜ்லதான் வச்சுக்கிறணும், சூடும் ஆகாது, ஒறஞ்சு போகவும் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுதான் அவளக் கட்டிப் போட்டிருச்சு. அன்னையிலருந்து வெளியூர்ல ராத்தங்குறதே இல்ல. கல்யாண வீட்டுல தாலி ஏறுனதும் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிருவா. அடுத்தவுக வீட்டு ஃப்ரிட்ஜ்ல, கறிவேப்பிலைக்கும் மாவுச் சட்டிக்கும் நடுவுல தன் மருந்த வைக்க அவளுக்குக் கூச்சம்.

அவளுக்குன்னு ஒரு ஆச இருந்துச்சு, மேகமலைக்கு ஏறிப் பாக்கணும்னு. ஏறுற ரோடு எங்க ஊர்லருந்துதான் பிரியுது. எங்கெங்கருந்தோ வாறவன் எல்லாம் எங்க கட கண்ணியில வழி கேட்டுட்டு ஏறிப் போறான். இவ பொறந்து வளந்து அம்பத்து நாலு வயசு வரைக்கும் கீழயே நின்னு பாத்துக்கிட்டிருந்தா. மொட்ட மாடியில துணி காயப் போடுறப்ப தெனமும் அந்த மலையத்தான் பாக்குறது. அங்கனருந்து பாத்தா நம்ம மாடி தெரியுமான்னு எங்கிட்டப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பா. தெரியும்னு ஒருக்காவும் தெரியாதுன்னு ஒருக்காவும் சொல்லியிருப்பேன். நான் கவனிச்சுப் பாத்ததில்ல.

அந்த வருசம் நான் ஒரு பழைய வேன் வாங்கினேன். எட்டுப் பேரு உக்காரலாம். மலைமேல எஸ்டேட் ஓரத்துல கூட்டாளி ஒருத்தனுக்குக் கொஞ்சம் எடம் இருந்துச்சு. அங்கன வண்டிய நிப்பாட்டித் தார்ப்பாயக் கட்டிக்கிட்டு, பொம்பளையாளுக வண்டிக்குள்ள, ஆம்பளையாளுக தார்ப்பாய்க்குள்ளன்னு ரெண்டு ராத்திரி தங்கிச் சமைச்சுச் சாப்பிட்டுட்டு வரலாம்னு திட்டம். அக்காகிட்டப் போயி, ஒன் மருந்துக்கு வண்டியிலயே ஃப்ரிட்ஜ் வச்சுடுறேன், நீ வாற அம்புட்டுத்தான்னு சொன்னேன். நம்பாத மாதிரி பாத்தா. மறுநாள் காலையில வந்து, மேல ரொம்பக் குளிருமா, ஸ்வெட்டர் வாங்கணுமான்னு கேட்டா. அப்ப எனக்கு இருந்த பெருமைய என்னன்னு சொல்ல. பெரிய மனுசன் ஆயிட்ட நெனப்பு.

கம்பத்துல எலக்ட்ரிக் கட வச்சிருந்த பாய் எனக்குப் பழக்கம். அவரு தம்பி துபாயில இருந்தாரு. வண்டி பேட்டரியில ஓடுற ஃப்ரிட்ஜ் அங்கன சர்வ சாதாரணமாம். பாய் ஒரு தாள எடுத்து விரிச்சாரு, நாலு சைஸ் படம் போட்டிருந்துச்சு. ஏழு லிட்டர், பதினெட்டு, முப்பத்தஞ்சு, அம்பது. என்ன வைக்கப் போறீகன்னு கேட்டாரு. கட்டவெரல் தண்டி ரெண்டு மருந்துக் குப்பின்னேன். அப்ப ஏழு லிட்டரே தாராளம், டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல சொருகிக்கலாம்னாரு. தம்பி அடுத்த மாசம் வாறான், கொண்டாறச் சொல்லிடுறேன்னு சொல்லிட்டாரு. வேல அதோட முடிஞ்சிருக்கணும். என் வாயி சும்மா இருந்தாத்தான.

வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். ரெண்டு குப்பிக்கு ஒரு பெட்டியா, அதுல பால் பாக்கெட்டும் வச்சுக்கலாம்லன்னா. நியாயம்தான. பால் வச்சா தயிர வைக்காம விட முடியுமா. தயிர் வச்சா மாவு. மூணு நாளைக்கு மாவுன்னா எங்க வீட்டுக் கணக்குக்கு ரெண்டு தூக்குவாளி. இட்லி இல்லாம மலையேறுனா மலை கோவிச்சுக்கிரும்னு நெனச்சாளோ என்னவோ. பாய்க்குப் போன் போட்டு, பதினெட்டு ஆக்கிருங்கன்னேன்.

அடுத்தது மச்சான், வீட்டுக்காரிக்கு அண்ணன். அவருக்கு விசயம் எட்டுனதும் அன்னைக்குச் சாயங்காலமே வந்துட்டாக. ஃப்ரிட்ஜோட மலைக்குப் போயி இட்லி திங்கிறதான்னு கேட்டாக. வைகை அணை மீனு ரெண்டு கிலோ, மசாலா தடவுன ஆட்டுக்கறி நாலு கிலோ, அத ஒறையவச்சே கொண்டு போயிரலாம், நான் இருக்கேன் பாத்துக்குறேன்னாக. அவுக வாறதா அதுவரைக்கும் பேச்சே இல்ல. 'நான் இருக்கேன்'ன்னு அவுக சொன்னப்பறம், நீங்க இல்லன்னு எவன் சொல்றது. தங்கச்சி வீட்டுல அண்ணனுக்கு அந்த அதிகாரம் உண்டு. அவுக வந்தா அவுக சம்சாரமும் வரும். பாய்க்குப் போன் போட்டேன். முப்பத்தஞ்சு.

அப்புறம் சித்தப்பா. அவருக்கு ஒண்ணும் பெருசா வேண்டியதில்ல, குளுந்த சோடா இருந்தாப் போதும், கூட எதையாவது சேத்துக்கிருவாரு. ஆனா அவருதான் ஒரு பெரிய தத்துவத்தச் சொன்னாக. வாங்குறது ஒருக்கா வாங்குறோம், பெருசா வாங்கிட்டா எப்பவும் ஒதவும், சின்னதா வாங்கிட்டு நாளப் பின்ன அய்யோன்னு நின்னா யாரு கேப்பான்னாக. நாங்க எல்லாரும் தலையாட்டுனோம். இந்த ஊர்ல சட்ட தைக்கிறதுலருந்து வீடு கட்டுறது வரைக்கும் இதே பேச்சுத்தான், அப்பறம் எல்லாம் தொளதொளன்னு தொங்கும். பாய் மூணாவது தடவையா என் போன எடுத்தப்ப, சொல்லுங்க மாப்ளேன்னு சொல்றதுக்கு முன்னாடியே பெருமூச்சு கேட்டுச்சு. அவரு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "மாப்ளே, மருந்துக் குப்பி வளந்துருச்சா?"

நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு அம்பது லிட்டரே சொல்லுங்கன்னேன்.

இதெல்லாம் நடக்குறப்ப அக்கா எங்கன இருந்தான்னு கேப்பீக. கூடவேதான் இருந்தா. எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தா. பெட்டி பெருசாகப் பெருசாக அவளுக்குச் சந்தோசம், நம்ம சாக்குல எல்லாரும் வாறாகளேன்னு. பச்சக் கலர்ல ஸ்வெட்டர் வாங்கிட்டா. ஒரு நாள் அதப் போட்டுக்கிட்டு நின்னு, வேர்த்து ஊத்த, எப்படி இருக்குன்னு எங்கிட்டக் காட்டுனா.

நானும் ஒண்ணும் அசால்ட்டா இருந்துறல. அளவெல்லாம் எடுத்தேன். தாள்ல இருந்த நீள அகலத்துக்கு டிவி அட்டைப்பெட்டியக் கிழிச்சு ஒட்டி, அதே சைஸுல ஒரு டூப்பு செஞ்சேன். வேன்ல பின் சீட்டுல தூக்கி வச்சேன். கதவு மூடுதா, மூடுது. பெட்டி மூடி தெறக்குதா, தெறக்குது. ஒயர் எட்டுதா, எட்டுது. சித்தப்பா சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, எஞ்சினியர் தோத்தான்னாக. வெறும் வண்டிக்குள்ள வெறும் பெட்டிய வச்சு அளந்த மேதை நான். எட்டு ஆள உக்கார வச்சு அளக்கணும்னு ஒரு மண்டைக்கும் தோணல, என் மண்டையும் சேத்துத்தான் சொல்றேன்.

பெட்டி வந்துச்சு. பாய் தம்பி கொண்டாந்ததப் பாய் எங்கிட்டக் குடுத்துட்டு ரெண்டு விசயம் சொன்னாரு. மொத விசயம், முந்துன நாளே வீட்டுக் கரண்டுல போட்டுக் குளுர வச்சுடணும், சாமான எல்லாம் அப்பவே உள்ள வச்சுடணும். ரெண்டாவது, ரெண்டு பக்கமும் ஒரு சாண் எடம் விடணும், அனல் வெளிய போகணும், எதையும் ஒட்டி வைக்கக் கூடாது. சரி சரின்னு மண்டைய ஆட்டிட்டுத் தூக்கிட்டு வந்தேன். எங்க தெருவே வந்து பாத்துச்சு.

கெளம்புறதுக்கு முந்துன நாள் சாயங்காலம் அக்கா ராத்திரி ஊசியச் சித்த முன்னாலயே போட்டுச் சாப்பிட்டுட்டு வந்து ரெண்டு குப்பியையும் ஒரு டப்பாவுல போட்டு எங்கிட்டக் குடுத்தா. மூணு நாள் வீடு பூட்டிக் கெடக்கப் போகுது, வெட்டியா ஓடுமேன்னு தன் வீட்டு ஃப்ரிட்ஜக் காலி பண்ணித் தொடச்சு ஆஃப் பண்ணிட்டு வந்திருந்தா. டப்பாவ மொத ஆளா அடியில வச்சேன். அதுக்கு மேல மச்சானோட மீனு, கறி, அப்புறம் மாவு, தயிரு, பாலு, சோடா. மச்சான் வந்து குளிர் பட்டனக் கடைசி வரைக்கும் அமுக்கி விட்டாக. கறி கல்லா இருந்தாத்தான் கெட்டுப் போகாதுன்னாக. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள சித்தப்பா அவளக் காப்பிக்கு அனுப்பிட்டாக.

காலையில ஆறு மணிக்கு என் வீட்டு வாசல்ல எட்டுப் பேரு. நான், வீட்டுக்காரி, எங்க பிள்ளைக ரெண்டு பேரு, மச்சான், அவுக சம்சாரம், சித்தப்பா, அக்கா. சித்தப்பாவுக்கு மலை வளைவுல வாந்தி வரும், அதனால முன் சீட்டு. நடு வரிசையில மூணு பேரு உக்காருற எடத்துல வீட்டுக்காரி, மச்சான் சம்சாரம், பிள்ளைக ரெண்டும் நாலு பேரா ஒட்டி உக்காந்தாக. பின் வரிசையில பெட்டி. பெட்டிக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண். மிச்சம் இருந்த எடத்துல மச்சான் ஏறி உக்காந்துட்டாக, பெட்டிய அவுகதான் பாத்துக்கிறணும்ல.

நம்ம பக்கம் வண்டியில எடம் இல்லங்குற பேச்சே கெடையாது. ஆட்டோவுல பதினோரு பேரு போன ஊரு இது. மனுசன மனுசன் மேல அடுக்குவோம். ஆனா பெட்டிய ஒட்டி உக்காரக் கூடாதே, அதுக்கு மூச்சு முட்டுமே. அக்கா பின் கதவு வழியா ஏறிப் பாத்தா. பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஒருக்களிச்சு நின்னு பாத்தா. மச்சான், அனல் போற வழிய மறைக்காதீக மதினின்னாக. எறங்கிட்டா. தோள்ல ஒரு பை, கையில அந்தப் பச்ச ஸ்வெட்டர்.

எறங்கி நின்னு, "நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னா.

இந்த ஒரு வார்த்தைக்கு எங்க ஊர்ல என்ன அர்த்தம்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பந்தியில, எனக்குப் போதும்பாக. அதக் கேட்டுட்டு எவனாவது எலைய எடுப்பானா. நல்லாருக்கே, உக்காருங்கன்னு தோளப் பிடிச்சு அமுக்கணும், இன்னொரு கரண்டி போடணும். அவுக மாட்டேம்பாக, நம்ம விட மாட்டோம், மூணு தடவ ஆகும். அதுதான் மரியாத. அக்காவும் அந்த மரியாதையிலதான் சொன்னா. சொல்லிட்டு வாசல்லயே நின்னா, வீட்டப் பாத்து ஒரு எட்டுகூட எடுத்து வைக்கல.

எங்களுக்கு அன்னைக்கு என்ன வந்துச்சோ தெரியல. வீட்டுக்காரி, அய்யோ மதினி, அடுத்த தடவ கண்டிப்பான்னா. மச்சான் சம்சாரம், பாவம், ஆசப்பட்டாகளேன்னுச்சு. சித்தப்பா, வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பணும்ப்பான்னாக. நான் சாவியத் திருப்பினேன். சோடாவ எறக்கலாம், கறிய எறக்கலாம், ஏன், மச்சானையே எறக்கலாம். எதுவும் அப்பத் தோணலன்னு சொன்னா அது பொய். தோணுச்சு. மச்சான்கிட்ட அதச் சொல்ல வாயி வரல. அக்கான்னா கோவிச்சுக்கிற மாட்டா, அந்தத் தைரியம்.

அந்தக் காலத்து மலை ரோடப் பத்திச் சொல்லாம இருக்குறதே நல்லது. இடுப்பு கழண்டு, மூணரை மணி நேரம் ஆச்சு. சித்தப்பா சொன்ன மாதிரியே வாந்தி எடுத்தாக. மேல போயித் தார்ப்பாயக் கட்டினோம். கூட்டாளி குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டுலருந்து ஒயர் இழுத்துப் பெட்டிய எறக்கி வச்சோம். பெட்டி கம்முன்னு ஓடுச்சு, அதக் கொற சொல்ல முடியாது. பன்னெண்டு மணிக்கு மீன வறுக்கலாம்னு மச்சான் ஒவ்வொண்ணா வெளிய எடுத்தாக. கறி கல்லு மாதிரி இருக்குன்னு அம்புட்டுச் சந்தோசம் அவுகளுக்கு. எல்லாத்துக்கும் அடியில கடைசியா ஒரு டப்பா வந்துச்சு. இதென்னதுன்னு கேட்டாக.

பிடுங்கித் தெறந்தேன். ரெண்டு குப்பியும் ஐஸா ஒறஞ்சு கெடந்துச்சு. அவகிட்ட இருந்ததே அந்த ரெண்டுதான், ராத்திரி ஊசி போட்டாகணும். போன் பண்ணலாம்னா அங்கன சிக்னல்ங்குற சாமானே கெடையாது. எதுவும் திங்காம, டப்பாவத் துண்டுல சுத்திக்கிட்டு வண்டிய எடுத்தேன். எறங்குற வழி பூரா அக்கா மயக்கம் போட்டுக் கெடக்குற மாதிரியே கண்ணுல ஓடுச்சு. ரெண்டு வளைவுல வண்டிய எங்கன கொண்டு விட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது.

நாலு மணிக்கு அவ வீட்டு வாசல்ல எறங்குனேன். கதவு தெறந்து கெடந்துச்சு. அக்கா தரையில உக்காந்து முருங்கக் கீர உருவிக்கிட்டு இருந்தா. நல்லாத்தான் இருந்தா. என்னடா, வண்டி மக்கர் பண்ணிருச்சான்னு கேட்டா. நான் டப்பாவ நீட்டினேன். குப்பிய எடுத்து உள்ளங்கையில உருட்டி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. ஐஸு கரஞ்சிருந்துச்சு, உள்ள திரிதிரியா என்னமோ மெதந்துச்சு. ஒறஞ்சுருக்கு, இனி இது ஆகாதுன்னுட்டு ஓரமா வச்சுட்டா. அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. அவ எங்க கூடவே வந்திருந்தாலும் அந்தப் பெட்டி அவ மருந்தக் கொன்னுதான் குடுத்திருக்கும்.

அப்ப ராத்திரிக்கு என்ன செய்வன்னு பதறுனேன். காலையில கட தொறந்ததுமே பஜார்ல மெடிக்கல்ல ஒண்ணு வாங்கிட்டு வந்து வச்சுட்டேன்னா. அம்புட்டுத்தான். நடந்து போற தூரத்துல கெடைக்கிற மருந்து. அதுக்கு நான் மலைய விட்டு எறங்கி ஓடியாந்திருக்கேன். வந்த பயமெல்லாம் எனக்குக் கோவமாத் திரும்பிருச்சு. மருந்து உள்ள இருக்குன்னு ஒனக்குத் தெரியும்ல, வண்டி கெளம்புறப்ப ஒரு சத்தம் போட்டா என்னன்னு அவகிட்டயே எகிறுனேன். எகிறுறதுக்கு எனக்கு என்ன யோக்கியத இருந்துச்சோ. எகிறிட்டு, சரி, கெளம்பு, வண்டி காலியாத்தான் கெடக்கு, இப்பவே போவோம்னேன்.

அவ கீரையிலருந்து கைய எடுக்கல.

"வண்டி தெரு முக்குத் திரும்புறதுக்குள்ளயே ஞாபகம் வந்துருச்சுடா. கூப்புட்டா நிப்பாட்டியிருப்பீக. மருந்த எடுத்துக் குடுத்துட்டு, மறுபடியும் என்னைய விட்டுட்டுப் போயிருப்பீக. அத இன்னொரு தடவ பாக்க வேணாம்னுதான் கூப்புடல."

நான் மறுபடியும் வா வான்னு கூப்புட்டேன். மூணு தடவ இல்ல, பத்துத் தடவ கூப்புட்டேன். அவ வரல. ரொம்ப இருட்டிப்போறதுக்குள்ள மலை ஏறணும், அங்கன எல்லாரும் வண்டி இல்லாம நிப்பாகன்னு சொல்லி, ஒரு வாயி சோத்தப் போட்டு என்னைய அனுப்பி வச்சா. ஏழு சீட்டும் காலியா ஓட்டிக்கிட்டுப் போனேன்.